புகையில் உலர்ந்த முன்னோர்: இபலாய் மக்களின் ஈமச் சடங்குகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கே உள்ள லூசோன் தீவில், கோர்டில்லேரா என்னும் நெடிய மலைத்தொடரின் தென்கோடியில் பெங்கெட் மாகாணம் அமைந்துள்ளது. அதன் தென்பகுதியிலும், தெற்கு நோக்கிப் பாயும் அக்னோ ஆற்றின் பள்ளத்தாக்கிலும் காலங்காலமாக வாழ்ந்துவரும் தொல்குடியினரே இபலாய் மக்கள். ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசும் இவர்கள், மலைச்சரிவுகளைப் படிக்கட்டு வயல்களாகத் திருத்தி நெல் விளைத்தும், கிழங்கு பயிரிட்டும், மாடு வளர்த்தும், ஆற்றிலும் மலையிலும் கிடைத்த தங்கத்தைச் சமவெளி மக்களிடம் கொடுத்து உப்பும் துணியும் கால்நடையும் பெற்றும் வாழ்ந்தவர்கள். உலகின் பார்வையை இவர்கள்பால் திருப்பியவை கபாயன் என்னும் ஊரைச் சுற்றியுள்ள மலைக்குகைகளில் கிடைத்த, நெருப்பாலும் புகையாலும் உலர்த்தப்பட்ட மனித உடல்கள். 'நெருப்பு மம்மிகள்' என்று பரவலாக அழைக்கப்படும் அவ்வுடல்கள், இறந்தோருக்கும் உயிரோடிருப்போருக்கும் இடையே இபலாய் மக்கள் பேணிவந்த உறவின் ஒரு பகுதி மட்டுமே. அந்த உறவின் முழு வடிவத்தை அறியும்போதுதான் உலர்ந்த உடலின் பொருளும் விளங்குகிறது.

மழை நாட்டில் உலர்ந்த உடல்கள்

இயற்கையாகவே உலர்ந்து நிலைத்த மனித உடல்கள் பெரும்பாலும் வறண்ட பாலைவனங்களிலோ உறைபனிப் பகுதிகளிலோ கிடைக்கின்றன. சுடுமணலும் உலர்காற்றும் உடலின் நீரை விரைவாக உறிஞ்சிவிடுகின்றன. உறைபனியோ நுண்ணுயிர்களின் செயலையே நிறுத்திவிடுகிறது. பெங்கெட்டின் நிலைமை இவ்விரண்டிற்கும் நேர்மாறானது. இம்மாகாணத்தின் நடுவே அமைந்த பாகியோ நகரில் 1911ஆம் ஆண்டு ஜூலை 14, 15 ஆகிய நாள்களில், ஒரு புயலின்போது, 24 மணி நேரத்தில் 1,168 மில்லிமீட்டர் மழை பதிவானது. அக்காலத்தில் அது உலக அளவில் குறிப்பிடத்தக்க பதிவாக விளங்கியது. ஆண்டின் பாதிக்கு மேல் மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும் இத்தகைய நாட்டில் ஓர் உடல் தானாக உலர்ந்து நிலைக்க வாய்ப்பில்லை. அதை உலர்த்துவதற்கு அறிவும் உழைப்பும் எரிபொருளும், எல்லாவற்றிற்கும் மேலாகக் காலமும் தேவைப்பட்டன.

இறப்புக்குப் பின் உடல் சிதைவது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, உயிரணுக்களுக்குள் இருக்கும் நொதிகள் கட்டுப்பாடிழந்து, அவ்வணுக்களையே கரைக்கத் தொடங்குவது. இது தற்சிதைவு எனப்படும். இரண்டாவது, குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தடைகளைக் கடந்து உடல் முழுவதும் பரவித் திசுக்களை உண்பது. இது அழுகல் எனப்படும். இவ்விரண்டிற்கும் நீர் இன்றியமையாதது. வளர்ந்த மனித உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீராகும். ஒரு பொருளில் உள்ள நீரில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய பகுதி எவ்வளவு என்பதை அறிவியலாளர்கள் 'நீர்ச் செயல்பாடு' என்னும் அளவால் குறிப்பர். தூய நீருக்கு இதன் மதிப்பு 1. இம்மதிப்பு 0.9க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக இயலாது, 0.7க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பூஞ்சைகளும் அடங்கிவிடும். ஆகவே உடலைக் காக்க முனைவோர் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு முன்பே நீரை வெளியேற்றியாக வேண்டும். பின்னர் நீர் மீண்டும் உட்புகாமலும் தடுத்தாக வேண்டும்.

இந்த உண்மையை இபலாய் மக்கள் தம் அன்றாட வாழ்விலிருந்தே அறிந்திருந்தனர். பன்றி இறைச்சியை அடுப்பின் மேல் தொங்கவிட்டு, மரப்புகையில் பல நாள் உலர்த்திக் காக்கும் 'கினுதாய்' என்னும் முறை இன்றும் பெங்கெட் வீடுகளில் வழக்கில் உள்ளது. ஈரம் மிகுந்த மலைநாட்டில் வெயிலை நம்ப முடியாது, நெருப்பை நம்பலாம் என்னும் பட்டறிவு அவர்களுக்கு அடுப்படியிலேயே கிடைத்திருந்தது.

சங்காடில் என்னும் இருக்கை

உடலைப் பதப்படுத்தும் முறை பற்றிய இன்றைய அறிவு, மூத்தோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்திகளையும், குகைகளில் உள்ள உடல்களை ஆய்ந்தோரின் முடிவுகளையும் இணைத்துப் பெறப்பட்டது. வாய்மொழி மரபின்படி, சாவை நெருங்கியவர் மிகுந்த உப்புக் கரைசலை அருந்துவது முதற்படி. ஒருவர் அருந்தும் உப்பு உடல் முழுவதையும் காக்கப் போதாது எனினும், உப்புச் செறிவு குடலில் நீரை வெளியேற்றும் தன்மையுடையது என்பதால், அழுகல் தொடங்கும் இடமான குடலைத் தூய்மைப்படுத்தும் முயற்சியாக இதைக் கொள்ளலாம்.

உயிர் பிரிந்தபின் உடலைக் குளிர்ந்த நீரால் கழுவி, 'சங்காடில்' எனப்படும் மர இருக்கையில் அமர்த்தினர். முதுகு சாய்வதற்கு உயரமான சட்டம் கொண்ட இவ்விருக்கையில், உடல் சரியாதபடி துணியால் பிணைக்கப்பட்டு, வீட்டின் வாயிலருகே அல்லது முற்றத்தில், வருவோர் அனைவரும் காணும்படி வைக்கப்பட்டது. இருக்கைக்கு அடியிலோ அருகிலோ மெல்லிய நெருப்பு மூட்டப்பட்டது. சுடர்விட்டு எரியும் நெருப்பு தோலைக் கருக்கி, உள்ளிருக்கும் நீரை அடைத்துவிடும். தணலும் புகையுமாக நீடிக்கும் நெருப்போ நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். ஆகவே இரவும் பகலும் யாரேனும் ஒருவர் அருகிருந்து நெருப்பைக் கவனித்து, விறகைக் கூட்டியும் குறைத்தும் வரவேண்டியிருந்தது. அமர்ந்த நிலையில் உடல் நீர்மங்கள் புவியீர்ப்பால் கீழ்நோக்கி வடிந்தன. அவையும் இறந்தவரின் பகுதியே என்பதால், அவற்றைக் கலத்தில் ஏந்திப் பேணினர் என்று மரபு கூறுகிறது. உடல் ஓரளவு வற்றியபின் மேல்தோல் கவனமாக உரிக்கப்பட்டது. பின்னர் கொய்யா இலை உள்ளிட்ட தழைகளின் சாறு உடலெங்கும் தேய்க்கப்பட்டது. வாய்வழியே புகையிலைப் புகை உள்ளே ஊதப்பட்டது.

இச்செயல்கள் ஒவ்வொன்றிற்கும் வேதியியல் விளக்கம் உண்டு. மரப்புகையில் ஃபீனால் வகைச் சேர்மங்களும், கரிம அமிலங்களும், சிறிதளவு ஃபார்மால்டிஹைடும் உள்ளன. இன்று உடற்கூறியல் கூடங்களில் உடல்களைக் காக்கப் பயன்படும் வேதிப்பொருளும் ஃபார்மால்டிஹைடே. அது புரத மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, நொதிகளால் உடைக்க இயலாதவையாக மாற்றுகிறது. ஃபீனால்கள் நுண்ணுயிர்களைக் கொல்கின்றன. புகை ஈக்களை அண்டவிடாமல் தடுப்பதால் அவை முட்டையிடுவதும் நின்றுபோகிறது. கொய்யா இலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், தோல் பதனிடும் தொழிலில் மரப்பட்டைச் சாறு செய்யும் வேலையையே செய்கிறது: தோலின் புரதத்தோடு பிணைந்து அதை இறுகச் செய்கிறது. எகிப்தியர் செய்ததைப் போல உள்ளுறுப்புகளை அகற்றும் வழக்கம் இபலாய் மக்களிடம் இல்லை. உடலை அறுக்காமல் முழுமையாகவே காத்தது இம்முறையின் தனிச்சிறப்பு.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு கருதத்தக்கது. கொய்யாவும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். 1565ஆம் ஆண்டில் தொடங்கிய மணிலா–அகபுல்கோ கப்பல் போக்குவரத்தின் வழியாகவே அவை பிலிப்பைன்ஸை அடைந்தன. ஆனால் கபாயன் உடல்களில் பல, 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்று பொதுவாகக் கணிக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாய்மொழி மரபு நினைவில் வைத்திருப்பது இம்முறையின் பிற்கால வடிவத்தையே என்பது புலனாகும். நெருப்பும் புகையும் இருக்கையும் பழமையானவை. புதிய தழைகள் வந்து சேர்ந்தபோது மக்கள் அவற்றின் பயனைக் கண்டறிந்து தம் சடங்கில் இணைத்துக்கொண்டனர். தொன்மையான மரபு என்றால் மாறாமல் உறைந்து நின்ற ஒன்று என்று கருதுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இது தெளிவான சான்று.

உடல் முற்றும் உலரச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை ஆயின. அதன்பின் முழங்கால்கள் மார்போடு ஒடுங்கி, கருவில் இருக்கும் குழவியின் நிலையில் அமைந்த அவ்வுடல், பெங்கெட் பைன் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டியில் வைக்கப்பட்டு, மலைமேல் உள்ள குகைக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

குகைகளும் குடைந்த பாறைகளும்

கபாயன் வட்டாரத்தில் இத்தகைய ஈமக்குகைகள் பல உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றவை, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த திம்பாக் மலைக் குகைகள். இங்கே ஆண், பெண், குழந்தை என்று பல வயதினரின் உடல்கள் பைன் மரப்பெட்டிகளில் உள்ளன. ஊருக்கு அருகில் உள்ள தெனொங்சோல் என்னுமிடத்தில் குகைக்கு மாறாக ஒரு பெரும்பாறையையே குடைந்து, பெட்டிகள் நுழையும் அளவுக்கு அறைகள் அமைத்துள்ளனர். ஒப்தாஸ் என்னும் குகையிலோ உலர்ந்த உடல்கள் இல்லை. மண்டையோடுகளும் எலும்புகளும் பெருந்திரளாக, வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஈமமுறை ஒன்றாக இல்லை, பலவாக இருந்தது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

உயரமான மலைக்குகைகளின் தட்பவெப்பமும் காப்புக்குத் துணைநின்றது. வெப்பநிலை ஆண்டு முழுவதும் தாழ்வாகவும் பெரிய ஏற்றத்தாழ்வின்றியும் இருந்ததால், உலர்ந்த உடலில் எஞ்சிய சிதைவும் மிக மெதுவாகவே நடந்தது. பிசின் நிறைந்த பைன் மரம் பூச்சிகளை எதிர்த்தது. குடைந்த பெட்டியும் அதன் மூடியும் குகையின் ஈரக்காற்று நேரடியாகப் படுவதைக் குறைத்தன.

பல உடல்களின் தோலில் பச்சை குத்திய கோலங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. 'புரிக்' எனப்படும் இக்கோலங்களில் இணைகோடுகளும், வளைகோடுகளும், பல்லி போன்ற உயிரினங்களின் வடிவங்களும் கை, கால், மார்பு முழுவதும் நெருக்கமாக அமைந்துள்ளன. துணி மட்கும், மரம் உளுக்கும். தோலில் பதிந்த கோலமோ உடல் உள்ளவரை நிற்கும். தோலைப் பதப்படுத்திக் காத்ததால், எழுத்துப் பதிவு எதுவும் இல்லாத காலத்தின் அணிகலை ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. இக்கோலங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் அனலின் சல்வடோர்-அமோரெஸ், இவற்றை இபலாய் மக்களின் அடையாளத்தையும் சமூகத் தகுதியையும் தாங்கிய கலையாக விளக்கியுள்ளார்.

இறந்தோர் கேட்பவை

உடலைக் குகையில் சேர்த்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. இபலாய் மக்களின் சமயச் சிந்தனையில் வானுலகைச் சார்ந்த கபுனியான் என்னும் உயர்தெய்வம் உண்டு. மலை, நீர், மரம் ஆகியவற்றில் உறையும் ஆவிகள் உண்டு. இவற்றோடு 'கஅப்புவான்' எனப்படும் மூதாதையரின் ஆவிகளும் உண்டு. அன்றாட வாழ்வோடு மிக நெருங்கியவர்கள் இந்த மூதாதையரே. லூசோனின் மிகவுயர்ந்த சிகரமும், 2,900 மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்பதுமான புலாக் மலையின் உச்சி அவர்கள் ஒன்றுகூடி வாழும் இடம் என்பது நம்பிக்கை. அங்கேயும் அவர்களுக்கு வீடு, உணவு, ஆடை, கால்நடை எல்லாம் தேவை. குளிர் மிகுந்த அம்மலையில் போர்வை மிகவும் தேவை.

அத்தேவைகளை அவர்கள் கனவின் வழியாகவும் நோயின் வழியாகவும் தெரிவிப்பர். வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் வந்தாலோ, இறந்த தாத்தா குளிரில் நடுங்குவதாகப் பேரன் கனவு கண்டாலோ, குடும்பத்தார் 'மம்புனோங்' என்னும் சடங்கு வல்லுநரை நாடுவர். எந்த முன்னோர் என்ன கேட்கிறார் என்பதைக் குறிபார்த்து அறிந்து, அதற்குரிய சடங்கையும் படைக்க வேண்டிய விலங்கையும் முடிவு செய்வது அவரது பணி. கல்லறையில் நீர் கசிந்திருக்கலாம். மரவேர் பெட்டிக்குள் புகுந்து எலும்பை நெருக்கியிருக்கலாம். போர்த்திய துணி மட்கியிருக்கலாம். அவ்வாறு அறியப்பட்டால் கல்லறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துத் துடைத்துத் தூய்மை செய்து, புதிய போர்வையில் சுற்றி, மீண்டும் அதே இடத்திலோ உலர்ந்த வேறிடத்திலோ வைப்பர். எலும்புகளை வெளியே எடுக்கும் இச்சடங்கு 'ஒகாட்' என்றும், முன்னோருக்குப் போர்வையும் பன்றியும் அரிசி மதுவும் படைத்து நடத்தும் விருந்து 'கப்பே' என்றும் வழங்கும்.

எலும்பைத் துடைப்போர் அதை அச்சத்தோடு அணுகுவதில்லை. வயது முதிர்ந்த உறவினர் ஒருவரைக் குளிப்பாட்டி உடைமாற்றுவதற்கு ஒப்பான பரிவோடே அச்செயல் நடைபெறுகிறது. மண்டையோடு, முதுகெலும்பு, விலா, கை, கால் என்று ஒவ்வொன்றும் விடுபடாமல் எடுத்து, அவற்றின் இயல்பான ஒழுங்கில் வைத்துச் சுற்றப்படுகின்றன. இவ்வேளையில் இளையோர் அருகிருந்து, இவர் யார், யாருக்கு எவ்வகையில் உறவு, எந்த நிலத்தைத் திருத்தினார் என்பவற்றையெல்லாம் மூத்தோர் வாயிலாகக் கேட்டறிகின்றனர். எழுத்தில் பதியாத குலவரலாறு இவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பிக்கப்படுகிறது.

போர்வை இங்கே வெறும் துணியாக இருப்பதில்லை. இறந்தவர் அணிந்துசெல்லும் போர்வையைக் கண்டே முன்னோர் அவரை அடையாளம் கண்டு வரவேற்பர் என்பதால், எத்தகுதியினருக்கு எந்த வகைப் போர்வை என்னும் வரையறை இருந்தது. 'பினக்பகன்' என்னும் வகை செல்வர்களுக்கு உரியது. எளியோர்க்கு எளிய நெசவு. நிறம், கோடுகளின் எண்ணிக்கை, ஓரக்கோலம் ஆகியவை குடும்பத்தின் நிலையை உணர்த்தின.

விருந்தும் கடமையும்

பழைய இபலாய் சமூகம் 'பக்னாங்' எனப்பட்ட செல்வர்களையும் 'அபிதெங்' எனப்பட்ட வறியோரையும் கொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களும் மாட்டு மந்தைகளும் படிக்கட்டு வயல்களும் பக்னாங் குடும்பங்களிடம் இருந்தன. நீண்ட காலம் நெருப்பிட்டு உலர்த்தும் ஈமமுறை பெரும்பாலும் இவர்களுக்கே உரியதாயிற்று. உலர்த்தும் காலம் முழுவதும் வருவோர்க்கெல்லாம் உணவளிக்க வேண்டியிருந்ததே இதற்குக் காரணம்: விறகு அனைவருக்கும் கிடைக்கும், நாள்தோறும் அறுப்பதற்குப் பன்றியும் மாடும் எல்லோரிடமும் இருப்பதில்லை. வறியோரின் உடல் சில நாள்களிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஏற்றத்தாழ்வை வெளிப்படுத்திய இவ்வழக்கம், அதே வேளையில் அதைத் தணிக்கும் வழியாகவும் செயல்பட்டது. 'பெஷித்' என்பது செல்வர் ஒருவர் தம் வாழ்நாளில் படிப்படியாக நடத்த வேண்டிய பெருவிருந்து. ஒவ்வொரு முறையும் அறுக்கும் விலங்குகளின் எண்ணிக்கை முன்னதை விஞ்ச வேண்டும். முன்னோரை அழைத்து நடத்தப்படும் அவ்விருந்திலும், சாவுவீட்டு விருந்திலும், இறைச்சி வந்தோர் அனைவருக்கும் பங்கிடப்பட்டு, வராத முதியோருக்கும் வீடுதேடி அனுப்பப்பட்டது. செல்வத்தைத் தனியே குவித்து வைத்திருப்பவரை முன்னோர் விரும்புவதில்லை என்னும் நம்பிக்கை, ஊரின் புரதத் தேவையை நிறைவுசெய்யும் பங்கீட்டு முறையாக நடைமுறையில் அமைந்தது. இறைச்சி அரிதாகவே கிடைத்த மலைநாட்டில் இதன் பயன் சிறிதன்று.

இத்தகைய நிகழ்வுகளில் 'சொலிபாவ்' என்னும் நீண்ட மத்தளமும் 'கங்சா' என்னும் வெண்கலத் தட்டும் முழங்க, ஆண் தோள்களில் போர்வையைப் போர்த்தியும் பெண் கைகளை உயர்த்தியும் 'தயாவ்' என்னும் ஆட்டத்தை ஆடுவர். சாவுவீட்டில் இரவு நெடுகப் பாடப்படுவது 'பாதிவ்'. ஒருவர் அவ்வப்போது எண்ணத்தில் எழும் சொற்களைக் கட்டிப் பாட, சுற்றியிருப்போர் அவரது அடியை ஏற்று நீட்டிப் பாடுவது இதன் முறை. இறந்தவரின் வாழ்வு, அவர் செய்த நன்மை, உறவினருக்கான அறிவுரை, முன்னோருக்கான வேண்டுதல் எல்லாம் இப்பாட்டில் இடம்பெறும். எழுதி வைத்த பாடல் ஏதும் இல்லாததால், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புதிய பாட்டு பிறக்கிறது. அமெரிக்க ஆட்சியின் தொடக்கக் காலத்தில் பெங்கெட்டில் பணியாற்றிய சி. ஆர். மாஸ், 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மக்களின் வழக்கச் சட்டத்தையும் சடங்குகளையும் விரிவாகப் பதிவு செய்தார்; இன்றைய ஆய்வாளர்களுக்கும், தம் மரபை மீட்க விரும்பும் இளைய இபலாய் தலைமுறைக்கும் அது பயன்படுகிறது.

அப்போ அன்னுவின் இடப்பெயர்ச்சி

ஸ்பானியர் தங்கத்தைத் தேடி 1620களிலேயே பெங்கெட் மலைகளில் படையெடுத்தும் நிலைபெற முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அவர்களது ஆட்சி இங்கே வேரூன்றியது. அதனோடு வந்த கிறித்தவ அடக்கமுறை பரவப் பரவ, உடலை உலர்த்தும் வழக்கம் மங்கி மறைந்தது. வழக்கம் மறைந்தாலும் குகைகள் இருந்தன. அவற்றில் உள்ளோர் இன்னார் என்பதை உறவினர் அறிந்திருந்தனர். எனினும் வெளியுலகத்தினர் சிலர் அவற்றை அரும்பொருள்களாக மட்டுமே கண்டனர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புகியாஸ் வட்டாரத்தின் நதுப்லெங் பகுதியில் இருந்த ஒரு குகையிலிருந்து அப்போ அன்னு என்பவரின் உடல் களவாடப்பட்டது. உடலெங்கும் பச்சைக் கோலம் பூண்ட அவர், புகழ்பெற்ற வேட்டைக்காரராகவும் தலைவராகவும் மரபில் நினைவுகூரப்படுபவர். அவரது உடல் மணிலாவில் வேடிக்கைப் பொருளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் சேகரிப்பாளர்களிடம் கைமாறி, இறுதியில் பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அவர் அகன்றதிலிருந்து ஊரில் நேர்ந்த வறட்சி, நோய், நிலநடுக்கம், விளைச்சல் குறைவு ஆகியவற்றை மக்கள் அவரது மனவருத்தத்தோடு தொடர்புபடுத்தினர். நெடுங்கால வேண்டுகோளுக்குப் பின், 1999ஆம் ஆண்டில் அவரது உடல் உரிய சடங்குகளுடன், விலங்குகள் படைக்கப்பட்டு, ஊரார் திரண்டு வரவேற்க, அவரது குகைக்கே திரும்பியது. உலகெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ள தொல்குடியினரின் உடல்களை அவரவர் வழியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் குரல் வலுப்பெற்று வந்த காலத்தில் நடந்த இந்நிகழ்வு, ஓர் உடல் காட்சிப்பொருள் என்னும் நிலையிலிருந்து மீண்டும் உறவினர் என்னும் நிலைக்குத் திரும்பக்கூடும் என்பதைக் காட்டியது.

சட்டமும் குகைகளின் காப்புக்கு வந்தது. 1973ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை எண் 260, கபாயன் மம்மிக் குகைகளை நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 1998ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் என்னும் பன்னாட்டு அமைப்பு, அழிவின் விளிம்பில் உள்ள மரபிடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. கபாயனில் தேசிய அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று இயங்குகிறது. குகை வாயில்களில் இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டுள்ளன; எனினும் உள்ளே நுழைவதற்கு முன் காவலராக உள்ள மூத்தோர் முன்னோரை விளித்து, மது படைத்து, வந்தோர் இன்னார், வந்த நோக்கம் இன்னது என்று அறிவித்து ஒப்புதல் கேட்பதே மரபு.

கல்லறையும் நிலமும்

இபலாய் குடும்பங்களில் இறந்தோரை வீட்டு முற்றத்திலோ வயலருகிலோ அடக்கம் செய்யும் வழக்கமும் பரவலாக இருந்தது. கல்லறை இருக்கும் இடம் குடும்பத்தின் இடம். அதை விற்பது முன்னோரையே விற்பதாகும். இந்த உணர்வு நவீனச் சட்டத்தோடு மோதியபோது ஒரு பெரிய வழக்கு உருவாயிற்று. பாகியோ பகுதியில் தலைமுறைகளாகத் தம் குடும்பம் வைத்திருந்த நிலத்திற்கு மத்தேயோ கரின்யோ என்னும் இபலாய் தலைவர் உரிமை கோரினார். ஆவணம் இல்லை என்று ஆட்சியாளர் மறுத்தனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, நினைவுக்கு எட்டிய காலம் முதல் தனியுரிமையாக அனுபவிக்கப்பட்ட நிலம் ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்று கருதப்பட வேண்டும் என்னும் கோட்பாட்டை நிறுவியது. பாகியோவில் அந்நாள் இன்று இபலாய் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அக்கோட்பாட்டின் வழியில் 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொல்குடியினர் உரிமைச் சட்டம், ஒரு நிலம் மூதாதையர் நிலமே என்பதை மெய்ப்பிக்க ஏற்கத்தக்க சான்றுகளுள் பழைய ஈமக்காடுகளையும் புனித இடங்களையும் சேர்த்துள்ளது. ஆகவே முன்னோரின் எலும்புகள் சமய நம்பிக்கையின் பொருளாக மட்டுமின்றி, நிலவுரிமையின் சாட்சியாகவும் நிற்கின்றன. இச்சட்டம் வருவதற்கு முன்பே ஈடுசெய்ய இயலாத இழப்புகளும் நேர்ந்துவிட்டன. அக்னோ ஆற்றில் 1950களில் எழுப்பப்பட்ட அம்புக்லாவ் அணையும், அதைத் தொடர்ந்து வந்த பிங்கா அணையும் இபலாய் குடும்பங்களின் வயல்களையும் வீடுகளையும் நீரில் மூழ்கடித்தன. வயலுக்கு மாற்று நிலம் தரக்கூடும். பாட்டன் படுத்திருக்கும் மண்ணுக்கு மாற்று எங்கும் இல்லை.

ஆய்வின் அறம்

அறிவியல் இம்முன்னோரை அணுகும் முறையும் காலப்போக்கில் மாறியுள்ளது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரொனால்ட் பெக்கெட், ஜெரால்ட் கான்லோக் ஆகியோர் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியையும், உடலின் இயற்கைத் துளைகள் வழியே நுழையும் மெல்லிய அகநோக்குக் கருவியையும் குகைக்கே கொண்டுசென்று ஆய்ந்தனர். தேசிய அருங்காட்சியகத்தின் ஒர்லாந்தோ அபினியோன் காப்புப் பணியில் துணைநின்றார். உடலை அறுக்காமலும், குகையிலிருந்து பெயர்க்காமலும் உண்மையை அறிய முடியும் என்பதை இத்தகைய ஆய்வுகள் மெய்ப்பித்தன. பூஞ்சை வளர்ச்சி, பூச்சி, எலி, பார்வையாளரின் மூச்சுக்காற்றால் கூடும் ஈரம், மலைச்சரிவு வரை விரியும் காய்கறித் தோட்டங்கள் ஆகியவையே இன்று இவ்வுடல்களுக்கு முதன்மையான இடர்கள் என்பதால், காப்புக்கு அறிவியலும் ஊராரின் காவலும் இணைந்தே தேவைப்படுகின்றன.

இம்மரபின் பின்னணி மிகத் தொன்மையானதாக இருக்கலாம் என்பதற்கும் அண்மையில் சான்று கிடைத்துள்ளது. சியாவோ-சுன் ஹுங் தலைமையிலான குழு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள 11 தொல்லிடங்களைச் சேர்ந்த, இறுக மடித்துப் புதைக்கப்பட்ட 54 எலும்புக்கூடுகளை ஆராய்ந்தது. எலும்பின் நுண்கட்டமைப்பில் காணப்பட்ட மாற்றங்கள், அவ்வுடல்கள் புதைக்கப்படுவதற்கு முன் நெடுநேரம் மெல்லிய வெப்பத்திற்கு உட்பட்டவை என்பதைக் காட்டின. அவற்றுள் பழமையானவை 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பப்புவா நியூ கினியின் அங்கா மக்களும் அண்மைக் காலம் வரை இறந்தோரைப் புகையில் உலர்த்தினர். ஈரம் மிகுந்த ஆசிய–பசிபிக் காடுகளில் வாழ்ந்த மக்கள், தம்மவரைப் பிரிய மனமின்றி நெருப்பின் துணையை நாடிய நெடிய வரலாற்றில் இபலாய் மக்களும் இடம்பெறுகின்றனர்.

இன்று பெரும்பாலான இபலாய் மக்கள் கிறித்தவர்கள். ஆயினும் திருச்சபை வழிபாட்டோடு கப்பே விருந்தும், சிமெண்டுக் கல்லறையோடு புதிய போர்வையும் பல குடும்பங்களில் இணைந்தே தொடர்கின்றன. உலர்த்தும் முறை மறைந்தபின்னும் உறவு மறையவில்லை என்பதே இதன் பொருள். நெருப்பு மம்மிகளைப் பற்றிய எந்த அறிவியல் விளக்கமும் வெப்பம், புகை, உப்பு, டானின் என்பவற்றோடு நின்றுவிட்டால் பாதியே நிறைவுறும். நெருப்பை மாதக்கணக்கில் அணையாமல் காத்தவர்களுக்கு, எதிரே அமர்ந்திருந்தவர் இன்னும் குடும்பத்தின் உறுப்பினராகவே இருந்தார். அந்த உறுப்பினர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர் என்பதால், குகைகளைப் பற்றிய முடிவுகளில் முதற்சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆய்வாளரும் அரசும் பயணியரும் அதற்குப் பின்னரே பேசத் தக்கவர்கள்.